கோவளத்து மணலுக்கு ஒரு ஜீப்

அன்று கிழக்குத் தாம்பரத்தில் அந்த வீட்டு வாசலில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். வண்டியை விற்கிறவர், ஏதோ ஒரு கம்பெனியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டித் தரகர். என் அப்பா. என் தாய்மாமன். அப்புறம் நான். வராதவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் அம்மா. ஜீப்புக்கென்று மாமா மடியில் கட்டி வைத்திருந்த பணம் முழுவதும் அவளுடைய ஆறு சென்ட் நிலத்தை விற்ற பணம். இன்னொருவர் பெருங்களத்தூர் மெக்கானிக். அம்மாவை யாரும் கூப்பிடவில்லை. மெக்கானிக்கை அப்பா கூப்பிட்டிருந்தார். முதல் நாள் சாயந்திரம் நான்தான் சைக்கிளில் போய், வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவருக்குக் கொடுக்க வேண்டிய ஐம்பது ரூபாய் மிச்சம் என்று வீட்டில் சொன்னேன். உண்மை அதுவல்ல. கிரீஸ் கறை படிந்த லுங்கியோடு அவர் வந்து நின்று, "இன்னா சார், வண்டி எப்டி கீது?" என்று ஆரம்பிப்பார். இங்கிலீஷ் பேசுகிற ஒருவர் வாசலில் அந்தக் குரல் கேட்க வேண்டாம் என்று நினைத்தேன். எனக்கு அப்போது இருபது வயது. பி.காம் இரண்டாம் வருஷம். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். தாண்டியது என்ன, பள்ளிக்கூடத்தில் ஒழுங்காக உட்கார்ந்த முதல் ஆளே நான்தான். காகிதம் என்று எது வீட்டுக்கு வந்தாலும் என் கைக்கு வந்துதான் மற்றவர்கள் கைக்குப் போகும். அப்பா ஒரு முறை என்னவென்று தெரியாமல் ஒரு தாளில் கைநாட்டு வைத்துவிட்டு இரண்டு வருஷம் அவதிப்பட்டிருந்தார். அதிலிருந்து வீட்டில் அது ஒரு சட்டம்.

அப்பா பல்லாவரம் பக்கம் ஒரு கல் குவாரியில் இருபது வருஷம் லாரி ஓட்டினார். எண்பதுகளின் கடைசியில் குவாரியை மூடினார்கள். நாற்பத்தெட்டு வயது டிரைவரை யாரும் நிரந்தரமாக வைத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் வேலை, நாலு நாள் சும்மா. அப்படி, லீவு போட்ட டிரைவருக்குப் பதிலாக ஓட்டுகிற ஒரு ஆக்டிங் வேலையில் கோவளம் போனபோதுதான் மீன் ஏலம் எடுக்கும் ஓர் அம்மாள் பழக்கமானார். கரையில் படகு வந்து நிற்கும் இடத்துக்கும் ரோட்டுக்கும் நடுவே நீளமாக மணல். கூடை கூடையாகத் தலையில் சுமந்து வந்து ரோட்டில் வேனில் ஏற்றுவதற்குள் வெயில் ஏறிவிடும். வேன் மணலில் இறங்கினால் புதைந்துவிடும். அந்த அம்மாள் அப்பாவிடம் சொன்னாராம்:

"நாலு சக்கரமும் இழுக்குற வண்டி ஒண்ணு கொண்டாய்யா. நேரா படகாண்ட வந்து மீனை ஏத்திக்கினு போ. தெனம் ஒரு நடை உனக்குத்தான். வேற எவனுக்கும் குடுக்க மாட்டேன்."

தினம் ஒரு நடை என்றால் மாதம் முழுக்க அடுப்பு எரியும். வேலை கேட்டு இன்னொருவர் வீட்டு கேட்டில் போய் நிற்க வேண்டாம். அப்பாவுக்கு அது மட்டும்தான் வேண்டியிருந்தது. ஆகவே ஜீப்பின் முன் சக்கரங்களும் இழுக்க வேண்டும். இழுத்தால் எங்களுக்குப் பிழைப்பு. இழுக்காவிட்டால், தார் ரோட்டில் ஓடுகிற இன்னொரு பழைய வண்டி. எங்கள் வீட்டில் எல்லோருக்கும், அம்மாவுக்கும்கூட, இது தெரியும்.

அந்த ஜீப் பட்டாளத்தில் ஓடி, ஏலத்தில் கழித்துவிடப்பட்டு, பிறகு இரண்டு கை மாறியது. இடையில் யாரோ பெட்ரோல் என்ஜினை எடுத்துவிட்டு டீசல் என்ஜின் வைத்திருந்தார்கள். பச்சை பெயின்ட் புதிதாக அடித்திருந்தது. இப்படிப்பட்ட வண்டிக்கு நியாயமான விலை எது? அப்பாவிடம் ஒரே வழிதான் இருந்தது. "மண்ணுல எறக்கிப் பாக்காம இதுக்கு வெல சொல்ல முடியாதுடா," என்று வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. புது ஜீப்பின் விலையை விசாரித்து எழுதி, வருஷத்துக்கு இவ்வளவு என்று தேய்மானம் கழித்து, என்ஜின் மாற்றியதற்குக் கொஞ்சம் கூட்டி, இரண்டு பக்கத்துக்குக் கணக்குப் போட்டிருந்தேன். முப்பத்தோராயிரத்து ஐந்நூறு வந்தது. வகுப்பில் மெஷின்களுக்குச் சொல்லிக் கொடுத்த கணக்கு அது. ஓடாத மெஷினுக்கும் அதே கணக்குத்தான் என்பதை நான் யோசிக்கவில்லை.

விற்கிறவர் வெளியே வந்தார். கையில் காபி டம்ளர். என் சட்டைப் பையில் இருந்த பேனாவைப் பார்த்தாரோ என்னவோ, நேராக என்னிடம்தான் பேசினார்.

"காலேஜ் ஸ்டூடன்டா? வெரி குட். உட்காருங்க தம்பி."

ஒரு நாற்காலிதான் இருந்தது. நான் உட்கார்ந்தேன். அப்பாவும் மாமாவும் நின்றார்கள். வீட்டில் அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அங்கே ஆரம்பத்திலிருந்தே அப்பா என்று கூப்பிட்டேன். முதல் முறை கூப்பிட்டபோது அவர் திரும்பவில்லை. தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று அவருக்குப் புரியவில்லை.

ஆர்.சி. புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். எண்கள் எல்லாம் சரி. வரி கட்டியிருந்தது. அப்பா என்ஜினைப் போட்டுக் கேட்டார், பானெட்டைத் திறந்து மூடினார், தெருமுனை வரைக்கும் ஓட்டிவிட்டு வந்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"சார், மண்ணுல ஒரு வாட்டி எறக்கிப் பாத்துட்டா..."

"இங்க மண்ணுக்கு எங்கய்யா போறது? எல்லாம் தார் ரோடு," என்று தரகர் சிரித்தார். "கோவளம் வரிக்கும் போய் வர டீசல் யாரு போடுவா? நாளைக்கு ஆடி பொறக்குது. வண்டலூர் ஆளு ஒருத்தன் துட்டோட வந்துகினே கீறான். பாத்துக்கோ."

ஆடி பிறந்துவிட்டால் அம்மா ஒரு மாதத்துக்கு எதையும் வாங்க விடமாட்டாள். மீன்கார அம்மாளும் ஒரு மாதம் காத்திருக்க மாட்டார். மாமா மடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அப்போது அப்பா தோள் துண்டை எடுத்தார். வண்டிக்கு முன்னால் தரையில் விரித்தார். அதன் மேல் மல்லாந்து படுத்து, தலையையும் தோளையும் பம்பருக்குக் கீழே நுழைத்தார். நல்லது கெட்டதுக்கென்று வைத்திருந்த வெள்ளைச் சட்டை அது. வேட்டி முழங்காலுக்கு மேல் ஏறிவிட்டது. வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. குவாரிக் கல் பட்டு நகம் போன பெருவிரல்கள். விற்கிறவர் காபி டம்ளரோடு அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு முகம் எரிந்தது.

"அப்பா, எழுந்திருங்க," என்றேன்.

"ஒரு நிமிசம்டா."

"சார் நிக்கிறார் பாருங்க. எழுந்திருங்கப்பா."

கால்கள் மெல்ல வெளிப்பக்கம் நகர்ந்தன. அப்பா வெளியே வந்து, வேட்டியை இறக்கிவிட்டு, துண்டை எடுத்து உதறினார். என்ன பார்த்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. என்ஜினில் எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்க்கத்தான் அவருக்கு நேரம் இருந்தது என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். இன்னும் ஒரு கை நீளம் உள்ளே போயிருந்தால் போதும்.

விற்கிறவர் என்னை வண்டிக்குள் கூப்பிட்டார். கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு சின்னக் கம்பிகள் இருந்தன. எதிரே டேஷ்போர்டில் ஒரு தகடு. "ஃபோர் வீல் டிரைவ் பத்தித்தானே உங்க ஃபாதருக்கு டவுட்? நீங்களே படிச்சுப் பாருங்க," என்றார். நான் படித்தேன். எந்தக் கம்பியை எந்தப் பக்கம் தள்ளினால் நாலு சக்கரமும் இழுக்கும் என்று இங்கிலீஷில் பொறித்திருந்தது. சத்தமாகப் படித்து, அப்பாவுக்கும் மாமாவுக்கும் தமிழில் சொன்னேன். அப்பா தலையாட்டினார். அவர் முகத்தில் சந்தேகம் போகவில்லை. ஆனால் நான் தங்குதடையில்லாமல் படித்ததில் ஒரு சந்தோஷமும் இருந்தது. அந்த மனிதர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. இன்றைக்கும் அவர்மேல் என்னால் முழுசாகக் கோபப்பட முடியாததற்கு அதுதான் காரணம்.

தரகர் முன்பு மாட்டுச் சந்தையில் தரகு பார்த்தவர். வண்டிக்கு வந்த பிறகும் பழக்கம் போகவில்லை. "வா, துண்டைப் போடு," என்று அப்பாவின் கையைத் தன் கையோடு சேர்த்துத் துண்டால் மூடினார். மாட்டு வியாபாரத்தில் அப்படித்தான். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்கிறவன் காதில் ஒரு எண்ணும் விழாது. எண் வெளியே வராததால் இறங்கி வருகிறவனுக்கும் மானம் போகாது. துண்டு இப்படியும் அப்படியும் அசைந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தரகர் ஒரு முறை கையை இழுப்பது போல் செய்து, விடாமல், திரும்ப அழுத்தினார்.

அதைப் பார்க்க எனக்கு அசிங்கமாக இருந்தது. நாகரிகமான வாசலில் மாடு பிடிக்கிற வேலை. நாற்காலியிலிருந்து எழுந்து நோட்டைப் பிரித்தேன்.

"துண்டெல்லாம் வேண்டாங்க. வெளிப்படையாவே பேசலாம். தேய்மானமெல்லாம் கழிச்சுப் பார்த்தா இந்த வண்டியோட நியாயமான மதிப்பு முப்பத்தோராயிரத்து ஐந்நூறு. அதுக்கு மேல ஒரு ரூபாய் தர மாட்டோம்."

தரகர் துண்டுக்குள்ளிருந்து கையை எடுத்துவிட்டார். விற்கிறவர் முதலில் முப்பத்தைந்தாயிரம் கேட்டிருந்தவர். என் நோட்டை வாங்கிப் பார்த்தார்.

"பையனுக்கு சப்ஜெக்ட் நல்லாத் தெரியுது. சரி தம்பி. உங்களுக்காக ஒத்துக்கறேன்."

மறுபேச்சே பேசவில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். என் கணக்கு அவ்வளவு கச்சிதம் என்றுதான் பூரித்துப் போனேன்.

ஸ்டாம்ப் பேப்பரில் ஒப்பந்தத்தையும் நானே எழுதினேன். அம்மாவின் நிலத்துக்குப் போட்ட கிரயப் பத்திரத்தை நாலு தடவை படித்திருந்தேன். அதன் நடை எனக்குப் பிடித்திருந்தது. அதில் வருகிற மாதிரியே, "மேற்படி வாகனத்தை முழுமையாகச் சோதித்துப் பார்த்து, முழுத் திருப்தியுடன், உள்ளது உள்ளபடி" என்று எழுதினேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. அப்பா விரலை மையில் தோய்த்து அதன் கீழே வைத்தார்.

அப்பாதான் ஓட்டினார். நான் முன்னால். மாமா பின்னால் உட்கார்ந்து முன் சீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். ரயில்வே கேட்டில் நின்றபோது அப்பா தலையைத் திருப்பாமல் சொன்னார்:

"மச்சான், துண்டுக்குள்ள இருபத்தி நாலுக்கு எறங்கிட்டான்."

"சும்மா இரு மாப்ள," என்றார் மாமா. "புள்ள கணக்குப் போட்டுச் சொல்லிக்கீறான். அவனுக்குத் தெரியாதா?"

கேட் திறந்தது. அப்பா அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் விடிகாலையில் கோவளத்தில் இருந்தோம். நானும் போயிருந்தேன், கம்பியைத் தள்ளும்போது பார்க்க வேண்டும் என்று. படகு வந்து நின்றது. ரோட்டின் ஓரத்தில் நிறுத்தி, அப்பா தகட்டில் சொன்னபடி கம்பியைத் தள்ளினார். அது சுலபமாகப் போய் உட்கார்ந்தது. மணலில் இறங்கினோம். இருபது அடி போனோம். பின் சக்கரங்கள் சுழன்றன, மணலை வாரி இறைத்தன, புதைந்தன. முன் சக்கரங்கள் அசையவே இல்லை. அப்பா கம்பியை எடுத்துத் திரும்பப் போட்டார். மறுபடியும் போட்டார். வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்துகொண்டே போனது.

கூடையோடு நின்ற பெண்கள் சுற்றி வந்தார்கள்.

"இன்னாபா, நாலும் இழுக்கும்னியே! நாலும் தூங்குதா?"

"தண்ணி தெளிச்சு எழுப்புடி!"

"நைனா, எறங்கி நில்லு. நாங்க தூக்கிக்கினு போறோம் உன் வண்டிய. கூடையில வெச்சு!"

மீன்கார அம்மாள் சிரிக்கவில்லை. அவர் அப்பாவைப் பார்த்த பார்வையில் கோபமும் இல்லை. "நாளைக்குள்ள சரி பண்ணிடுவியா?" என்று மட்டும் கேட்டார். அப்பா தலையாட்டினார். கூடைகள் எப்போதும் போலத் தலையில் ஏறி ரோட்டுக்குப் போயின. ஒரு டிராக்டர்காரர் நூற்றைம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு எங்களை இழுத்துவிட்டார்.

பெருங்களத்தூர் மெக்கானிக் வண்டிக்குக் கீழே போனார். பீடி ஒன்று குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. வெளியே வந்து எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"முன் சக்கரத்த இழுக்குற ஷாஃப்டே இல்ல. யாரோ டீசல் மிச்சம் புடிக்கக் கயட்டிக்கீறான். உள்ள பல்லும் இல்ல, வெறும் டப்பா. கம்பி மட்டும் சும்மா ஆடிகினு கீது." பீடியைக் கீழே போட்டார். "கீழ படுத்துப் பாத்தா பச்சப் புள்ளைக்குக் கூடத் தெரியும். ஒரு ஆளு கூடவா படுத்துப் பாக்கல?"

நான் தரையைப் பார்த்தேன். அப்பா சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"அவசரத்துல வந்துட்டோம்ப்பா," என்றார் அப்பா.

மாமாவும் நானும் விற்றவர் வீட்டுக்குப் போனோம். இந்தத் தடவை நாற்காலி இல்லை. அவர் உள்ளே போய் ஒப்பந்தத்தை எடுத்து வந்து, என் கையெழுத்தில் என் வாக்கியத்தை எனக்கே படித்துக் காட்டினார். "முழுமையாகச் சோதித்துப் பார்த்து. நீங்க எழுதினதுதானே தம்பி? நான் சொல்லி எழுதலையே." மாமா என்னைப் பார்த்தார். திரும்பும்போது பஸ்ஸில் அவர் வேறு சீட்டில் உட்கார்ந்தார்.

புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் தேடி ஷாஃப்டும் உள்ளே போடுகிற பல்சக்கரங்களும் வாங்கினோம். முன்னாலும் பின்னாலும் பல் கணக்கு ஒத்துப்போக வேண்டும் என்று மெக்கானிக் சொல்லித்தான் அனுப்பினார். ஆனால் டீசல் என்ஜின் வைத்தபோது பின்பக்கத்துப் பல்லை எதற்கு மாற்றினார்கள், எதை வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. கிட்டத்தட்ட ஒத்த மாதிரி ஒன்று கிடைத்தது. அதைப் போட்டு மறுபடி மணலில் இறக்கினோம். ஐம்பது அடி போனது. அந்த ஐம்பது அடிக்கு அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு வண்டிக்கு அடியில் ஏதோ உடைகிற சத்தம் கேட்டது. முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் இழுத்து, நடுவில் இருந்த கியர் பெட்டி பிளந்துவிட்டது. அதைச் சரி செய்ய இன்னொரு மூவாயிரத்துச் சொச்சம் ஆனது. அதற்குள் மீன்கார அம்மாள் டிராக்டர்காரரோடு பேசி முடித்திருந்தார். அவரையும் குறை சொல்ல முடியாது. மீன் காத்திருக்காது.

தார் ரோட்டில் ஆள் ஏற்றி ஓட்டிப் பார்த்தார் அப்பா. டீசலுக்கும் ரிப்பேருக்கும் போக ஒன்றும் நிற்கவில்லை. ஐப்பசி மழையில் வண்டி வீட்டுக்குப் பக்கத்தில் நின்றது. அந்தப் பச்சை பெயின்டுக்கு அடியில் துரு புறப்பட்டது. அம்மா ஒரே ஒரு நாள்தான் கேட்டாள். சாப்பாடு போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல்.

"ஏன்டா, நீ கூடப் பாக்கலியா?"

"பாத்தேம்மா."

அவள் குழம்பை ஊற்றினாள். அதற்குமேல் என்ன கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. சொல்லவில்லை. அப்பா எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரும் சொல்லவில்லை. அப்பா இறந்து போய்விட்ட பிறகு, இன்றுவரைகூட, அம்மாவுக்கு அது தெரியாது.

தை மாதம் அப்பா சேலையூரில் புதிதாகக் கட்டிய ஃபிளாட்டில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். மாதம் நானூற்றைம்பது. பரீட்சைக் கட்டணத்துக்குப் பணம் வாங்க ஒரு தடவை அங்கே போனேன். ஒரு கார் வெளியே வந்தது. அப்பா எழுந்து ஓடிப்போய் கேட்டைத் திறந்து, கார் போகும் வரை பிடித்துக்கொண்டு நின்றார். கார் ரோட்டில் திரும்பியதும், "ஸ்டார்ட்டிங்லயே தட்டுது பாரு. இன்னும் ஒரு மாசம் தாங்காது," என்றார் என்னிடம். அந்தக் காருக்கு அடியில் எட்டிக்கூடப் பார்க்காமல் சொன்னார். அது உண்மையாகவும் இருந்திருக்கும். பணத்தை வாங்கிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பொய் சொல்லிவிட்டு, தாம்பரம் வரை நடந்தேன்.

ஜீப்பை அடுத்த வருஷம் பழைய இரும்புக்காரர் ஒருவர் என்ஜினுக்காக எடுத்துக்கொண்டார். பதினாலாயிரம் கொடுத்தார். அப்பாதான் பேசினார். நான் அந்தப் பக்கமே போகவில்லை. இழுத்துக்கொண்டு போன பிறகு, மொத்தம் எவ்வளவு போச்சு என்று மாமா கேட்டார். தங்கையின் நிலத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். நான் ஒரு தாளை எடுத்தேன். வாங்கியது முப்பத்தோராயிரத்து ஐந்நூறு. தரகு ஐந்நூறு. பேர் மாற்றவும் இன்சூரன்ஸுக்கும் ஆயிரத்து நானூறு. டிராக்டருக்கு நூற்றைம்பது. புதுப்பேட்டையில் நாலாயிரத்து அறுநூறு. கியர் பெட்டிக்கு மூவாயிரத்து இருநூறு. இரும்புக்காரர் கொடுத்ததைக் கழித்தேன். இந்தத் தடவை தேய்மானம் எதுவும் போட வேண்டியிருக்கவில்லை. கூட்டலும் கழித்தலும் மட்டும்தான். மாமாவுக்குக் கேட்கும்படி வாய்விட்டுப் படித்தேன்: இருபத்தேழாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய்.